ஓர் இலக்கம் பிசகியதால்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை குழந்தைகளை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குச் சென்றிருந்தோம். விசாகப்பட்டினத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் 'குர்சுரா'வைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஊரிலிருந்து உறவினர் வந்தால் முதலில் சிம்மாசலம், பிறகு கைலாசகிரி, அதன்பின் குர்சுரா என்பது நம் இல்லங்களில் எழுதாத சட்டமாகிவிட்டது. 1969-ஆம் ஆண்டு நம் கடற்படையில் சேர்ந்து, 2001 பிப்ரவரி 27-ஆம் நாள் பணி ஓய்வு பெற்று, 2002 முதல் கரைமீது அமர்ந்து மக்களுக்குக் காட்சி தரும் நீர்மூழ்கிக் கப்பல் அது. நீளம் 91 மீட்டர். உள்ளே நுழைந்தால் நம் இரயில் பெட்டிகளின் நடைபாதை அரண்மனைத் தாழ்வாரமாகத் தோன்றும், அவ்வளவு நெருக்கம்.

குனிந்து குனிந்து வெளியே வந்தபின் நம் மகன் நிமிர்ந்து நின்று ஒரு கேள்வி கேட்டான். "அப்பா, இது கரையில் இருக்கிறது, அதனால் பார்க்கிறோம். கடலுக்குள்ளேயே போய்விட்ட கப்பல் எங்கே கிடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?"

"முங்கிப் பார்ப்பார்கள்" என்றாள் அவன் தங்கை.

"எந்த இடத்தில் முங்குவது?" என்றான் அவன்.

கேள்வி சரியான கேள்வி. கடல் பெரிது. முங்குவதற்கு முன்பு எங்கே முங்குவது என்று தெரிய வேண்டும். அதற்கு விடை கடலில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. காகிதத்தோடு வாழ்க்கை நடத்தும் குமாஸ்தாவாகிய நமக்கு இவ்விஷயத்தில் சொல்லச் சிறிது உண்டு என்று தோன்றியதால், அன்றிரவு மகனுக்குச் சொன்ன கதையையே இம்மாதம் நேயர்களுக்கும் சொல்கிறோம்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை 52 நீர்மூழ்கிக் கப்பல்களை இழந்தது. அவற்றோடு மாண்டவர் ஏறத்தாழ 3,500 பேர். இப்படைக் கப்பல்களுக்கு மீன்களின் பெயரை வைப்பது அந்நாளில் அமெரிக்கர் வழக்கம். அவற்றுள் ஒன்று 'கிரேபேக்'. அந்நாட்டுப் பேரேரிகளில் வாழும் ஒரு சிறு மீனின் பெயர். 1941 ஜனவரி 31-ல் நீரில் இறக்கப்பட்டு, அவ்வாண்டு ஜூன் 30-ல் படையில் சேர்ந்தது. நீளம் சுமார் 94 மீட்டர். நம் குர்சுராவைவிட மூன்று மீட்டர்தான் கூடுதல் என்பதால், நேயர்கள் உருவத்தை மனக்கண்ணில் காண்பதற்கு இடர்ப்பட வேண்டியதில்லை. நாம் அரை மணி நேரத்தில் மூச்சு முட்டி வெளியே வந்துவிட்ட அத்தகைய குழாய்க்குள் 80 பேர் வாரக்கணக்கில் உண்டு, உறங்கி, போரிட்டு வந்தனர்.

1943 ஜனவரியில், பசிபிக் கடலின் ஒரு தீவில் விமானம் விழுந்து மறைந்து கிடந்த ஆறு வீரர்களை இந்தக் கப்பல் மீட்டது. இரவில் இருவரைக் கரைக்கு அனுப்பி, பகலெல்லாம் நீருக்குள் மூழ்கிக் காத்திருந்து, மறு இரவு ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு திரும்பியது. பிறர் பிள்ளைகளைத் தேடி எடுத்துக் கொடுத்த கப்பல், தானே தேடப்படும் பொருளாயிற்று. அது எவ்வாறு என்பதைச் சொல்வோம்.

1944 ஜனவரி 28-ஆம் நாள் பேர்ல் துறைமுகத்திலிருந்து கிரேபேக் தன் பத்தாவது ரோந்துக்குப் புறப்பட்டது. தளபதியின் பெயர் ஜான் மூர். செல்லுமிடம் கிழக்குச் சீனக் கடல். பிப்ரவரி 24-ல் அங்கிருந்து ஒரு ரேடியோச் செய்தி வந்தது: 19-ஆம் நாள் இரண்டு சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தோம், வேறு இரண்டைச் சேதப்படுத்தினோம். மறுநாள் இன்னொரு செய்தி. கையிருப்பு இரண்டே டார்பிடோக்கள் என்றவுடன், திரும்பி வருமாறு தலைமையகம் கட்டளையிட்டது. அதன்பின் ஒலி இல்லை. மார்ச் 7-ஆம் நாள் மிட்வே தீவை வந்தடைந்திருக்க வேண்டிய கப்பல் வரவில்லை. மூன்று வாரம் பார்த்துவிட்டு, மார்ச் 30-ஆம் நாள் காணாமற்போன கப்பல்களின் வரிசையில் அதன் பெயரை எழுதினர்.

நம் இருப்புப் பாதையில் ஒரு வண்டி உரிய நேரத்தில் வராவிடில் அடுத்த நிலையத்தைக் கேட்கலாம், அதற்கடுத்ததைக் கேட்கலாம். எங்கோ ஓரிடத்தில் "இங்கே நிற்கிறது" என்று விடை வரும். நீர்மூழ்கிக் கப்பலுக்கு இடை நிலையங்கள் இல்லை. புறப்பட்ட இடமும் சேர வேண்டிய இடமுமே உண்டு. இடையில் உள்ளது முழுவதும் மௌனம்.

அதே பிப்ரவரியில் நம் கரையருகேயும் இத்தகைய ஒன்று நடந்ததென்பது நம்மூர்க்காரர் பலர் அறியாத செய்தி. 1944 பிப்ரவரி 11-ஆம் நாள், கொழும்பிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்ற கப்பல் தொகுதியைத் தாக்கிய ஆர்.ஓ. 110 என்னும் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலை, இந்தியக் கடற்படையின் 'ஜம்னா'வும் ஆஸ்திரேலியக் கப்பல்கள் இரண்டும் விசாகப்பட்டினத்துக்கு அப்பால் மூழ்கடித்தன. அதிலிருந்து ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களுக்கும் ஊரில் வீடு இருந்தது. வாசலில் காத்திருந்தோர் இருந்தனர். எதிரி என்ற சொல் தாய்மாருக்குப் பொருந்தாது.

நிற்க. போர் முடிந்தபின் அமெரிக்கர் தாம் இழந்த கப்பல்கள் எங்கெங்கே அழிந்தன என்று கணக்கெடுக்கத் தொடங்கினர். இதற்கு அவர்கள் நாடிய ஆவணங்கள் எவை என்று நினைக்கிறீர்கள்? எதிரியின் ஏடுகளையே நாடினர். மூழ்கியவன் குறிப்பு எழுத இயலாது, மூழ்கடித்தவன்தான் எழுதியிருப்பான். ஆனால் அதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். போர்க்களத்தில் வென்றதாகச் சொல்பவர் எண்ணிக்கை எப்போதும் தோற்றவர் எண்ணிக்கையைவிட மிகுதியாகவே இருக்கும். எண்ணெய் மிதந்தது, குமிழி எழுந்தது என்றவுடன் 'ஒன்றை ஒழித்தோம்' என்று எழுதிவிடுவது எல்லாப் படைகளுக்கும் இயல்பு. ஆகவே ஒரு பக்கத்து ஏட்டில் 'ஒழித்தோம்' என்றிருக்கும் நாளையும் இடத்தையும், மறு பக்கத்து ஏட்டில் 'திரும்பவில்லை' என்றிருக்கும் பெயரோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அந்நாளில் அப்பகுதியில் வேறு எந்தக் கப்பல் இருந்தது, அது பின்னர் உயிரோடு வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். ரொக்கப் புத்தகத்தையும் பேரேட்டையும் ஒத்துப் பார்க்கும் வேலைதான் இதுவும். தொகைக்குப் பதில் மனிதர்.

கிரேபேக்கைப் பொறுத்தவரை இப்பொருத்தம் நன்றாகவே அமைந்தது. பிப்ரவரி 27-ஆம் நாள் 'சிலோன் மாரு' என்னும் ஜப்பானியச் சரக்குக் கப்பல் அப்பகுதியில் மூழ்கியது. கிரேபேக்கின் எஞ்சிய டார்பிடோக்கள் அதற்கே செலவாயின என்று கொள்ளப்பட்டது. அதே நாள் ஒரு ஜப்பானிய விமானம் நீரின் மேல் ஓடிக்கொண்டிருந்த நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைக் கண்டு குண்டு வீசியதாகவும், அது வெடித்து உடனே மூழ்கியதாகவும் ஜப்பானியர் அறிக்கை கூறியது. நாள் பொருந்தியது. நிகழ்ச்சி பொருந்தியது. இடம்? ஜப்பானிய மொழியிலிருந்து பெயர்த்தெழுதிய குறிப்பில் இருந்த அட்ச, தீர்க்க ரேகை எண்களைப் பார்த்து, ஓகினாவாத் தீவுக்குக் கிழக்குத் தென்கிழக்கே 100 மைல் தொலைவு என்று முடிவு செய்தனர். 1949-ல் அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட வரலாற்று நூலில் அந்த இடமே அச்சேறியது.

அச்சில் ஏறிவிட்ட எண்ணுக்கு ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. அதன்பின் அதை யாரும் தட்டிக் கேட்பதில்லை. எழுபது ஆண்டு அதுவே நின்றது.

பிழை என்னவென்றால், பெயர்த்தெழுதியபோது அந்த எண்களில் ஓர் இலக்கம் மாறிப்போயிருந்தது. ஒன்றே ஒன்று. அட்சரேகையின் ஒரு பாகை என்பது தரையில் ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்பதை நேயர்கள் நினைவில் கொண்டால், தாளில் கடுகளவாக உள்ள ஓர் இலக்கம் கடலில் எத்துணை அகலம் என்பது விளங்கும்.

இதைப் படித்தபோது நமக்கு அந்தப் பெயர் தெரியாத எழுத்தரின்மீது கோபம் வரவில்லை. மாறாக, கழுத்தின் பின்புறம் சில்லிட்டது. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், நாம் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு பெரிய நிலையத்தின் பார்சல் ஆபீசில் இருந்தோம். கணவரை இழந்த தமிழ் அம்மையார் ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பினார். ஐந்து உருப்படிகள், ஒரே ரசீது. ஐந்தின்மீதும் ரசீது எண்ணை மையால் எழுதியது நம் கை. நான்கில் சரியாக எழுதிய கை, ஐந்தாவதான தகரப் பெட்டியில் 7 எழுத வேண்டிய இடத்தில் 1 என்று எழுதிவிட்டது. மாலை ஆறு மணி, வண்டி புறப்படும் நேரம், பின்னால் பத்துப் பேர் கூச்சல். காரணங்கள் எத்தனையோ சொல்லலாம், எழுதியது 1.

நான்கு உருப்படிகள் போய்ச் சேர்ந்தன. பெட்டி சேரவில்லை. எந்த ரசீதோடும் பொருந்தாத உருப்படியாக, வழியில் வேறொரு நிலையத்தின் மூலையில் அது நான்கு மாதம் கிடந்தது. முடிவில் கிடைத்தது. ஆனால் இடையில் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. பெட்டிக்குள் இருந்தவை அவர் கணவரின் வேலைக் காகிதங்களும் குடும்பப் புகைப்படங்களும். படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்ப் பிரிக்க வரவில்லையாம். அந்த அம்மையார் எழுதிய கடிதம் இன்றும் நம்மிடம் உள்ளது. "படம் போனால் போகிறது தம்பி. அவர் முகம் எனக்கு மறக்காது. பெட்டி எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் இருந்த நாலு மாதம் தூக்கம் வரவில்லை, அதைத்தான் சொல்ல வந்தேன்" என்று எழுதியிருந்தார். வசை இல்லை, சாபம் இல்லை. இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

தகரப் பெட்டிக்கு நாலு மாதம். மகனுக்கு எழுபத்தைந்து ஆண்டு. காணாமற்போனவன் எங்கே என்று அறியாமலே அந்த 80 பேரின் பெற்றோர் கண்மூடினர், மனைவியர் கண்மூடினர், தந்தை முகம் அறியாத பிள்ளைகள் முதியவராயினர்.

அக்காலத்தில் நமக்குத் தொழில் கற்பித்த பெரியவர் ஒருவர் இருந்தார், திருச்சிராப்பள்ளிச் சீமைக்காரர். நடந்ததை அறிந்து அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, எண்ணை எழுதினவன் கண்ணுக்கு அந்த எண் தெரியாது. தான் எழுத நினைத்ததுதான் தெரியும். அதனால் எழுதினவனே ஒத்துப் பார்த்தால் அது ஒத்துப் பார்த்ததாகாது. ஒருவன் படிக்கணும், ஒருவன் பார்க்கணும்" என்றார். அன்றுமுதல் நம் மேஜையில் அதுவே முறை.

இப்போது நம் சரக்கு வேகன்களின் பக்கத்தில் பதினோர் இலக்க எண் ஒன்று எழுதியிருப்பதைப் பலர் கண்டிருக்கலாம். முதல் இரண்டும் வேகனின் வகை. அடுத்த இரண்டு, உரிய இரயில்வே. அடுத்த இரண்டு, கட்டிய ஆண்டு. பின் நான்கு, வரிசை எண். பதினோராவது இலக்கம் மட்டும் எதையும் குறிப்பதில்லை. முன்னுள்ள பத்தையும் காவல் காப்பதே அதன் வேலை. இரட்டை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்கி, அதனோடு ஒற்றை இடங்களின் கூட்டுத்தொகையைச் சேர்த்தால் வருவதை, அடுத்த பத்தின் மடங்காக நிரப்ப எவ்வளவு வேண்டுமோ அதுவே கடைசி இலக்கம். எங்கேனும் ஓர் இலக்கம் பிசகினால் கணக்கு இடிக்கும்; பிழை உடனே பல்லிளிக்கும். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய நமக்கு இந்தக் கணக்கை முதன்முதல் புரிந்துகொண்ட நாள் ஒரு திருநாள். 1944-ல் ரேடியோவில் சொல்லப்பட்ட அட்ச, தீர்க்க ரேகைக்கு இத்தகைய காவற்காரன் இல்லை. எந்த எண்ணும் சரியான எண் போலவே காட்சியளித்தது.

நம் பழைய கணக்குகளிலும் இதே சங்கடம் உண்டு. தமிழ் எண்களில் எழுதிய பாட்டனார் ஏடுகள் வைத்திருப்போர் எடுத்துப் பாருங்கள். ஒன்றுக்குரிய ௧-வும் நான்குக்குரிய ௪-வும் அவசரக் கையெழுத்தில் அண்ணன் தம்பி போலிருக்கும். நம் வீட்டில் ஒரு வயல் ஒரு மாவா நாலு மாவா என்று இரண்டு தலைமுறை பேசாமலிருந்ததுண்டு. அதை இங்கே விரித்தால் நம் சித்தப்பா வருந்துவார்.

கதைக்குத் திரும்புவோம். டிம் டெய்லர் என்னும் அமெரிக்கர் ஒருவர், இழந்த 52 கப்பல்களையும் தேடிக் காண்பதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர். அவர் பொருட்டு ஜப்பானிய ஏடுகளை மூலத்திலேயே படித்துப் பார்க்க முன்வந்தவர் யுடாக்கா இவாசாகி. கோபே நகரத்தவர், கணினித் துறைப் பொறியாளர், வரலாற்றுப் பேராசிரியர் அல்லர். வேலை நேரம் போகப் பழைய போர் ஏடுகளைப் படிப்பது அவருக்கு விருப்பம். எதிரி நாட்டுப் பிள்ளைகளைத் தேடிக் கொடுக்க ஒரு ஜப்பானியர் உட்கார்ந்து தூசி தட்டியதை நாம் மிகவும் மதிக்கிறோம்.

அவர் செய்தது ஒன்றே: பெயர்ப்பை ஒதுக்கிவிட்டு மூலத்தை எடுத்தார். சசெபோ கடற்படைத் தளத்தின் ஏடுகளுள், ஓகினாவாவின் நாகா விமானத் தளத்திலிருந்து அனுப்பப்பட்ட நாளறிக்கை இருந்தது. 1944 பிப்ரவரி 27: நகஜிமா வகை விமானம், நீரின் மேல் நீர்மூழ்கிக் கப்பல், 500 பவுண்டுக் குண்டு, கண்காணிப்புக் கோபுரத்துக்குச் சற்றே பின்னால் நேரடியாக விழுந்தது, வெடித்து உடனே மூழ்கியது, பிழைத்தோர் இல்லை. கீழே அட்சரேகை, தீர்க்கரேகை, தெள்ளத் தெளிவாக. 1949-ன் நூலில் கண்ட இடத்திலிருந்து அது நூறு மைலுக்கும் மேல் விலகியிருந்தது.

அந்த விமானத் தளத்தில் அமர்ந்து அந்நாள் அறிக்கையைத் தாளில் இறக்கிய எழுத்தர் யாரோ அறியோம். தான் எழுதுவதை எழுபது ஆண்டு கழித்து யாரோ படிப்பார் என்று அவன் எண்ணியிருக்க மாட்டான். ஆயினும் அவன் சரியாக எழுதினான்.

2019 ஜூன் மாதம் டெய்லரின் குழுவினர் ஓகினாவாவுக்குத் தெற்கே அந்தப் புதிய இடத்துக்குச் சென்றனர். ஆளில்லாத் தேடுகருவி ஒன்றைக் கடலடிக்கு அனுப்பினர். அது ஒலியலைகளை இருபுறமும் எறிந்து, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக வரையும். பணி முடியும் முன்னரே அக்கருவி கோளாறாகித் திரும்பியது. அதுவரை எடுத்த படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, மணற்பரப்பில் இயற்கைக்கு ஒவ்வாத இரண்டு உருவங்கள் தென்பட்டன. ஜூன் 5-ஆம் நாள், கயிற்றில் கட்டிய வேறொரு கருவியில் புகைப்படக்கருவியைப் பொருத்திக் கீழே இறக்கினர். ஆழம் 1,400 அடிக்கும் மேல். இருளில் விளக்கு விழுந்த இடத்தில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கிடந்தது.

அது கிரேபேக்தானா? இங்கேதான் பழைய புகைப்படங்கள் பேச வருகின்றன. அக்காலத்து அமெரிக்கக் கப்பல்கள் ஒரே வார்ப்பில் பல கட்டப்பட்டவை. அக்காள் தங்கையரை ஒத்தவை. மேலும் போர்க்காலத்தில் ஒரே கப்பலின் முகமும் ஆண்டுக்கொரு விதமாக மாறியது. எளிதில் கண்ணில் படாதிருக்கக் கோபுரத்தைக் குறைத்தனர்; துப்பாக்கிகளை மாற்றினர். ஆகவே 1941-ல் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு 1944-ல் மூழ்கியதை அடையாளம் காண முயல்வது, மகனின் மொட்டைத்தலைப் படத்தைக் கொண்டு மணமகனைத் தேடுவது போலாகும். நல்வாய்ப்பாகக் கலிபோர்னியாவின் மேர் ஐலண்டு கப்பல் தளத்தார் ஒரு நல்ல வழக்கம் வைத்திருந்தனர். பழுது பார்த்து அனுப்பும் ஒவ்வொரு கப்பலையும் படம் எடுத்து, நாள் குறித்து, புதிதாகச் செய்த மாற்றங்களைப் படத்தின்மீதே வெள்ளைக் கோட்டால் வளைத்துக் காட்டினர். நாளில்லாத படம் அழகுக்கு உதவும், சாட்சிக்கு உதவாது.

இவாசாகி கண்ட அறிக்கையையும் கடலடிப் படத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், ஏட்டில் சொன்ன சேதம் ஏட்டில் சொன்ன இடத்திலேயே இருந்தது: கோபுரத்துக்குப் பின்னால். முன்பகுதியும் முறிந்து சாய்ந்திருந்தது. மேல்தளத்துப் பீரங்கி கப்பலிலிருந்து 400 அடி தள்ளித் தனியே கிடந்தது. அவ்வளவும் சான்றுதான், ஆனால் எல்லாவற்றிற்கும் மேலான சான்று ஒன்று விளக்கொளியில் தோன்றியது. கோபுரத்தின் முகப்பில், பாசியும் உப்பும் அரித்தும் அழியாமல், ஒரு பெயர்ப்பலகை. அதில் 'கிரேபேக்' என்றிருந்தது. எழுபத்தைந்து ஆண்டு யாரும் படிக்க வராத பலகை.

அமெரிக்கக் கடற்படை 2019 நவம்பர் 10-ஆம் நாள் செய்தியை உறுதி செய்து அறிவித்தது. கப்பலை எடுக்கப் போவதில்லை. அது கல்லறையாதலின் தொடுவதும் இல்லை. இருக்குமிடத்தைத் துல்லியமாக வெளியிடவும் இல்லை. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்தால் போதும் என்பது கருத்து. அவ்வீரர்களின் பெற்றோர் அதற்குள் மறைந்துவிட்டனர். மருமக்களும் பேரப்பிள்ளைகளும், சுவரில் மாட்டியிருந்த படத்து இளைஞனுக்கு இப்போது ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று அறிந்தனர்.

கதை முடிந்தபோது மகள் தூங்கிவிட்டாள். மகன் தூங்கவில்லை. "அந்தத் தப்பாக எழுதினவருக்குத் தெரியுமா அப்பா, தான் தப்பாக எழுதினது?" என்று கேட்டான். தெரிந்திருக்காது என்றோம். "பாவம்" என்றான். யாரைச் சொன்னான் என்று நாம் கேட்கவில்லை.

இனிச் சங்கக் காரியம். நம் சங்கத்தின் பழைய அங்கத்தினர் பேரேடு கரையான் வாய்ப்பட்டுவிட்டதை நிர்வாகக் குழுவினர் கண்டு, அதைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதும் பணியை நம்மிடம் ஒப்படைத்திருக்கின்றனர். பெயர், சொந்த ஊர், சேர்ந்த நாள், காலமானோர்க்கு அளித்த உதவி ஆகியவை அதில் உள்ளன. பலர் கையெழுத்து; பலவகை மை. சில இடங்களில் 1-ம் 7-ம் நம்மைப் பார்த்துக் கண்சிமிட்டுகின்றன. அதனிடையே ஓர் ஆண்டு விழாப் புகைப்படமும் கிடைத்தது. நாற்காலியில் அமர்ந்தோர் ஒன்பது பேர், நின்றோர் இருபத்திரண்டு பேர், தரையில் குழந்தைகள். பின்புறம் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. சுவரில் தொங்கும் நாட்காட்டியில் 14 என்னும் தேதி மட்டும் தெரிகிறது. மாதத்தின்மீது ஒருவர் தலை மறைக்கிறது. பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாகக் கண்ணாடி அணிந்து நிற்பவரை அறிந்தவர், அவர் யாரென்று சொன்னால் ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்கிறோம்.

வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குச் சங்கக் கட்டடத்தில் பேரேட்டை ஒத்துப் பார்க்கத் தொடங்குகிறோம். எழுதியது நாமாதலின் நாம் பார்ப்பதற்கில்லை. பழைய ஏட்டை உரக்கப் படிக்க நம் மகன் ஒப்புக்கொண்டிருக்கிறான். புதிய ஏட்டைப் பார்க்க இரண்டு பெரியவர்கள் தேவை. வருவோர் மூக்குக்கண்ணாடியை மறவாமல் கொண்டு வருக.